திருப்பி வைக்காத ஒலிபெருக்கி

தலைமை நாற்காலியை நிறைத்து வீற்றிருக்கும் என் உடன்பிறந்த அண்ணன் அவர்களே! வாக்குக் கேட்டு வந்திருக்கும் வேட்பாளர் அவர்களே! முன்வரிசைப் பெரியோர்களே! பிள்ளையை இடுப்பிலும் குடும்பத்தைத் தலையிலும் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே! வணக்கம்!

என்ன தம்பி? மைக்கில் பேசச் சொல்கிறாயா? மைக்கை நான்தான் அணைக்கச் சொன்னேன். கடைசி வரிசைக்குக் கேட்கிறதா? கேட்கிறதல்லவா? அது போதும்!

நெடுநாள் கழித்து ஊருக்கு வந்தேனே, எதற்காக? மேடை ஏறவா? மாலை சூடவா? இல்லை! அண்ணன் மகள் பெற்ற பிள்ளையைப் பார்க்க வந்தேன். வந்தவனை இங்கே ஏற்றிவிட்டார் அண்ணன்.

காலையில், அதோ, அந்தப் பிரசவ ஆஸ்பத்திரிக்குப் போனேன். பஞ்சுக் கை, பிஞ்சுக் கால். மூக்கு மட்டும் அண்ணன் மூக்கு. பாவம், யாரை நோவது! கையில் வாங்கினேன். ஜன்னல் வழியே பாய்ந்தது ஒரு சத்தம்: "ஹலோ! ஹலோ! மைக் டெஸ்டிங்!" பிள்ளை உதறிக்கொண்டு வீறிட்டது. அந்த அறையில் இருந்த அத்தனை தொட்டில்களும் அழுதன. நர்ஸம்மா ஓடிவந்து ஜன்னலைச் சாத்தினார்.

"இப்படி ஆனதே இல்லீங்க. கூட்டம்னா மைக்செட்காரர் முன்னாடியே வந்து ஸ்பீக்கர் குழாயை அந்தப் பக்கம் திருப்பி வெச்சிருவாரு. இன்னிக்கு அவருக்கு என்னாச்சு?"

அந்த மைக்செட்காரன் என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவனாயிற்றே! உடம்புக்கு முடியவில்லையோ என்று கடைக்கு ஓடினேன். குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கிறான்!

"என்னடா, நல்லாத்தானே இருக்கே?"

"எனக்கென்ன கேடு? வேற சாமி கும்பிடுறவன் கட்டின மைக்ல பேசினா ஓட்டு விழாதாம். வெளியூர் செட்டைக் கொண்டாந்துட்டாங்க. இனிமே இந்த ஊர்ல எவன் என்னைக் கூப்பிடுவான்?"

"எவன்டா சொன்னான்?"

"விடுடா. புள்ளையப் பாக்க வந்தே, பாத்துட்டுப் போ."

"சொல்லுடா!"

"உங்க அண்ணன்தான்."

தூக்கிவாரிப் போட்டது, பெரியோர்களே! அண்ணா, உங்கள் கல்யாணத்தில் பாடியது யார் கட்டிய மைக்? அப்பா கண்மூடிய அன்று ஊருக்கெல்லாம் சேதி சொன்னது யார் குரல்? அன்றெல்லாம் தெரியாத அவன் சாமி, ஓட்டுக் கேட்கும்போது மட்டும் எப்படி உங்கள் கண்ணில் பட்டது?

யாரய்யா அது, "விஷயத்துக்கு வா" என்பது? இதுதானய்யா விஷயம்! வீட்டுக்குள் இருந்த சாமியை வீதிக்கு இழுத்தோம்; வீதியில் நின்ற சாமியை மேடைக்கு ஏற்றினோம்; மேடைச் சாமியை வாக்குப்பெட்டிக்குள் திணிக்கப் பார்க்கிறோம்! வெளியூர்க்காரர்களுக்கு என்ன தெரியும்? குழாயை ஆஸ்பத்திரி முகத்துக்கு நேரே கட்டிவிட்டார்கள். ஒருவனை ஒதுக்கினோம், அந்தச் சத்தம் நம் தொட்டிலில்தான் போய் விழுந்தது!

என்ன அண்ணா, முணுமுணுக்கிறீர்கள்? சத்தமாகக் கேளுங்கள். "புள்ளை ரொம்ப அழுதுச்சா?" என்று கேட்கிறார், தாய்மார்களே! அழுதது அண்ணா. மூச்சு அடைக்க அழுதது. எழுந்து அவன் கடைக்குப் போங்கள். ஆள் அனுப்பாதீர்கள், நீங்களே போங்கள். அவன் வந்து குழாயைத் திருப்பும்வரை இந்த மைக்கை நானும் தொடமாட்டேன், வேட்பாளரும் தொடக்கூடாது!

வெறும் தொண்டைக்குக் காது கொடுத்த உங்களுக்கெல்லாம் நன்றி. கை தட்டாதீர்கள், பிள்ளைகள் தூங்குகிறார்கள். வணக்கம்.