மணல் அடைச்ச குழாய்

அட உக்காருங்க சார், அந்த ஸ்டூல்ல கிரீஸ் இல்ல. ராயப்பன வேலைக்கு வெச்சிக்கலாமான்னு போயும் போயும் என்னாண்ட கேக்குறீங்க பாருங்க, அத நென்ச்சாதான் சிரிப்பா கீது. ஆமா, ரெண்டு பேரும் இதே அம்பத்தூர் பட்டறையிலதான், பத்து வருசம். அவன் வெல்டரு, நான் அவனுக்கு ஃபிட்டரு.

வேலையா? வேலையில கில்லாடி சார். எம்பத்தெட்டுல மொதலாளி ரேஸ் காருக்கு ஃபாரின்லேர்ந்து டர்போ வாங்கியாந்தாரு. எஞ்சின் பொகை அடிச்சு சுத்துற சக்கரம் அது. பொகை எவ்ளோ தடங்கல் இல்லாம வருதோ அவ்ளோ இஸ்பீடு. எஞ்சின்லேர்ந்து டர்போவுக்குப் பொகைய கொண்டாற கம்பெனி மேனிஃபோல்டு உள்ள சொரசொரன்னு கீது, தூக்கிப் போடு, நாலு குழா, நாலும் ஒரே நீளம், நாமளே வளைக்கலாம்னான் ராயப்பன். மூளை அவனுது. பேரு மொதலாளிக்கு.

எப்டி வளைக்கறதா? குழாய்ல காஞ்ச ஆத்து மணல கெட்டியா அடைச்சு, ரெண்டு வாயும் மூடி, கேஸ்ல செவக்க காய்ச்சி வளைப்போம். இல்லாங்காட்டி நசுங்கிடும். அப்பால மணல தட்டிக் கொட்டணும். கொஞ்சம் உள்ள ஒட்டிக்கினு நிக்கும். லாரிக்குன்னா எவனும் கண்டுக்க மாட்டான், சைலென்சர் வழியா தானா பூடும். ஆனா இது டர்போ, மணலு நேரா சக்கரத்துல அடிக்கும், கம்பி பிரஷ் போட்டுத் தேய்னு உயிர எடுப்பான் ராயப்பன்.

சோழவரத்துல ரேஸு. மூணாவது ரவுண்டுல வண்டி வீல்னு கத்திச்சு, நின்னுபூட்ச்சு. பிரிச்சா, சக்கரத்து ரெக்கையெல்லாம் எலி கடிச்சாப்ல கீது. உள்ள மணலு. மொதலாளி அத்தினி ஜனத்துக்கு எதிர்ல அவன் சட்டையப் புடிச்சாரு. அவன் இன்னா சொன்னான் தெரியுமா? பாக்காம வெல்டு வெச்சேன், என் தப்புதான்னான். அவ்ளோதான். திமிரு சார் அது! வாயத் தொறந்து மீதியச் சொல்லியிருந்தா இன்னா கொறைஞ்சா பூடுவான்?

அப்பறம் அம்பத்தூர்ல ஒருத்தனும் அவன சேத்துக்கல. ஏழு வருசமா கரையான்சாவடியில ரோட்டோரம் ஜன்னல் கம்பி ஒட்டிக்கினு கீறான். நான் இங்க ஃபோர்மேன். என்னப் பாத்தா இன்னிக்கும் கூப்ட்டு டீ வாங்கிக் குடுக்கறான். அதுலதான் எனக்கு வயிறு எரியிது.

வெச்சிக்கோங்க சார், தாராளமா. மணலா? அவன் எங்க சார் தேச்சான், தேய்க்கறது ஃபிட்டர் வேல. மூணு குழா தேச்சேன். நாலாவத எடுக்கறப்போ சோத்து மணி அடிச்சிடுச்சு. ஆச்சா செங்கல்வராயான்னு கேட்டான். ஆச்சுன்னுட்டேன்.