சொந்தக் கத்தியோடு போன புரோகிராம்

கரவனெல்லயில் பஸ் ஏறி உட்கார்ந்ததுமே முன் சீட்டுப் பெண் சொன்னது காதில் விழுந்தது: "அடுத்தவங்க கத்திய நம்பி யாராவது ரப்பர் பால் வெட்டப் போவாங்களாண்ணே?"

ஆனால் அவள் மடியில் இருந்தது லேப்டாப். அண்ணனும் தங்கச்சியும் சேர்ந்து தோட்டத்துப் பள்ளிக்கூடங்களுக்குக் கணக்குப் பாட புரோகிராம் செய்கிறார்கள் என்று போகப் போகப் புரிந்தது.

"கத்திய விடு. புரோகிராம கட்டுற கம்பைலர் எல்லா கம்ப்யூட்டர்லயும் இருக்குதானே? அதையே பாவிச்சா போதும். நாம எதுக்கு தனியா ஒண்ண சுமக்கணும்?"

"போன தடவ அதத்தானே நம்புனோம்? ஒரு மெஷின்ல பழசு, இன்னொண்ணுல இல்லவே இல்ல. டீச்சர் முன்னால தலய சொறிஞ்சிக்கிட்டு நின்னோம். நம்ம அம்மா பால் வெட்டுற கத்திய மலையில வச்சிட்டா வர்றாங்க? அவங்க கைக்குத் தீட்டுன கத்தி, அவங்களோடயே வீட்டுக்கு வருது. அதான் இந்த தடவ கம்பைலரையும் புரோகிராமுக்குள்ளயே வச்சு அனுப்பிட்டேன். இன்னைக்கு ஸ்கூல்ல போட்டுப் பாக்குறாங்க."

"சரிதான். ஆனா கம்ப்யூட்டர்ல இருக்க கம்பைலர்ல ஓட்டை வந்தா கம்பெனிக்காரங்களே அடச்சிருவாங்க. ஒன்னோடத யாரு பாக்குறது?"

"நான்தான். கத்தி வச்சிருக்கவங்கதானே தீட்டணும்?"

போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

"எல்லா மெஷின்லயும் ஓடுது பிள்ள! ஒண்ணுகூட நிக்கல!" டீச்சர் கத்தியது கண்டக்டர் வரைக்கும் கேட்டது. பின்னால் பிள்ளைகளின் கூச்சல்.

அவள் அண்ணனையே பார்த்தாள்.

"சரி, சரி, அப்படிப் பாக்காத," என்றான். "தீட்டுற வேலையில பாதி என்னோடது."