கூலி உயர்ந்தால் கூடம் மூடும்

விடுதிப் படுக்கை விரிப்புகளில் போக்க முடியாத கறை ரத்தம் என்றுதான் வெளியாட்கள் நினைக்கிறார்கள். அது தவறு, ஐயா. ரத்தம் பச்சைத் தண்ணீரிலேயே போய்விடும். உதட்டுச் சாயம்தான் உயிரை வாங்கும். வாழ்நாள் முழுக்கச் சலவைக்கூடம் நடத்தியவன் சொல்கிறேன். இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டாம், பேச்சுக்குச் சொன்னேன்.

என் தங்கை கணவரைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். அவருடைய சலவைக்கூடத்தில் பாய்லர் வெடித்ததற்குக் காரணம் கவனக்குறைவு என்று முடிவு கட்டியிருக்கிறீர்கள். அந்தக் காரணம் தப்பு. ஒரு தப்பான காரணம் நிலைத்துவிடக் கூடாது என்றுதான் என் வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வரப்போகிறது என்று பேச்சு அடிபட்டபோது, சலவைக்கூட உரிமையாளர் சங்கத்துக்கு நான் தலைவர். கூட்டம் போட்டு அந்தச் சட்டத்தை வெளுத்து வாங்கினேன். "கூலி உயர்ந்தால் கூடம் மூடும்" என்றேன். சொல்வதற்கு வாகாக இருந்ததால் பத்திரிகையில் கட்டம் கட்டிப் போட்டார்கள். துணி மடித்தும் தேய்த்தும் பிழைக்கிற பெண்களுக்குத்தான் முதலில் வேலை போகும், அவர்களுக்காகத்தான் பேசுகிறேன் என்றும் சொன்னேன். நடிப்பு இல்லை. அந்த வாரம்தான் புதுக் கார் வந்திருந்தது. கூட்டத்துக்கு அதை எடுக்காமல் பழைய வண்டியில் போனேன். ஏழைகளைப் பற்றிப் பேசப் போகும்போது ஒரு மரியாதை வேண்டும் அல்லவா.

சட்டம் வந்தது. உடனே ஆட்களில் பாதிப் பேரை அனுப்பினேன். கட்டுப்படியாகவில்லையா என்று கேட்பீர்கள். கட்டுப்படியானது. விடுதிகளிடம் சலவைக் கட்டணத்தைக் கூட்டிக் கேட்டேன், முனகிக்கொண்டே கொடுத்தார்கள். ஆனால் தலைவர் சொன்னது தலைவரின் கூடத்திலேயே நடக்கவில்லை என்றால் ஊரில் யார் மதிப்பார்கள்?

அனுப்பியவர்களில் ஒருத்தி, விரிப்புகளை மடித்து அடுக்குகிறவள். மடிப்பக்கா என்று எல்லோரும் கூப்பிடுவார்கள். அவளை மட்டும் அறைக்குள் அழைத்து உட்கார வைத்தே சொன்னேன்.

"உன்ன நான் அனுப்பலம்மா. சட்டம் அனுப்புது."

"சட்டத்த நான் பாத்ததில்ல முதலாளி. உங்களத்தான் தெரியும்" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதற்கும் பின்னால் நடந்ததற்கும் சம்பந்தமில்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

பிறகு காத்திருந்தேன். ஒவ்வொரு கூடமாக மூடும் என்று தினமும் தெருத்தெருவாகப் போய்ப் பார்த்தேன். எல்லாம் திறந்தே இருந்தன. மூலைத் தெருவில் ஒரு சின்ன இஸ்திரிக் கடைக்காரர் மட்டும் புதுக் கூலி கொடுக்க முடியாமல் உதவியாளை நிறுத்தியிருந்தார். கேள்விப்பட்டதும் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன். அவர் அழுதுகொண்டிருந்தார். நான் ஆறுதல் சொல்ல வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். அவருக்குக் கொஞ்சம் கடன் கொடுத்தால் ஆளைத் திரும்ப வைத்துக்கொள்வார் என்று சங்கத்தில் ஒருவர் சொன்னார். நான் தடுத்துவிட்டேன். நம்மிடம் இருந்தது அந்த ஒரே ஒரு சான்று.

மோசம் செய்தது என் மாப்பிள்ளைதான். எதிர்ச்சாரியில் அவருக்கும் ஒரு கூடம். என் தங்கையைக் கட்டிக்கொடுத்தபோது நான் வைத்துக்கொடுத்த தொழில். நான் அனுப்பியவர்களை எல்லாம் அவர் கூப்பிட்டு வேலை கொடுத்தார், அதுவும் புதுக் கூலிக்கு. மடிப்பக்கா முதல் ஆளாகப் போய்ச் சேர்ந்தாள். என்னிடம் மிச்சமிருந்தவர்கள் இரண்டு பேர் வேலையை ஒருவராகப் பார்த்ததில் விரிப்புகள் ஈரமாகவே போயின. பெரிய ஆஸ்பத்திரி ஒன்று என்னை விட்டுவிட்டு அவரிடம் போனது. ஆள் போதாமல் இன்னும் சிலரைச் சேர்த்தார்.

நான் நேரில் போய்க் கேட்டேன். "மாப்பிள்ளை, இந்தக் கூலிய எப்படிக் குடுக்கறீங்க?"

"மாசக் கடைசியில குடுக்கறேன் மச்சான்" என்றார். குறும்பாகச் சொல்லவில்லை. அவருக்கு அவ்வளவுதான் விவரம். "முன்னெல்லாம் ஆளுங்க வருவாங்க, ஓடிருவாங்க. புதுசா வர்றவனுக்குச் சொல்லிக் குடுத்தே பாதி நாள் போகும். இப்ப யாரும் போறதில்ல. லாபம் கொஞ்சம் கம்மிதான். ஆனா நிம்மதியாத் தூங்கறேன்."

லாபம் கம்மி என்று அவரே ஒப்புக்கொண்டதை நீங்கள் கவனிக்க வேண்டும். ஆனால் சங்கத்தில் யாரும் கவனிக்கவில்லை. அடுத்த கூட்டத்தில் நான் எழுந்ததும் பின்வரிசையில் ஒருவர், "தலைவருக்குச் சாயம் வெளுத்துப்போச்சு" என்றார். சலவைக்காரர்கள் கூட்டத்தில் அந்தச் சொல்லுக்கு எவ்வளவு சிரிப்பு எழும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். என் மாப்பிள்ளையும் சிரித்தார். பிறகு என்னைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். அது சிரித்ததைவிட மோசம்.

மனிதன் நஷ்டத்தைத் தாங்கிக்கொள்வான், ஐயா. உண்மை தோற்பதைத் தாங்க முடியாது. கூலி உயர்ந்தால் கூடம் மூடும் என்பது உண்மை. அது நடக்கக் கொஞ்சம் தாமதமாகிறது, அவ்வளவுதான். தாமதமாகிற ரயிலைக் கொடி காட்டி நகர்த்துகிறவனை யாரும் ரயில் ஓட்டியவன் என்று சொல்வதில்லை.

அவருடைய பாய்லர் பழையது, விறகில் எரிவது. உள்ளே ஆவி மிஞ்சினால் பாதுகாப்பு வால்வு திறந்து விசிலடிக்கும். அது அடிக்கடி அடிக்கிறது, வந்து பாருங்கள் மச்சான் என்று அவரேதான் கூப்பிட்டார். நானாகப் போகவில்லை. ஒரு காலை வேளையில் போய்ப் பார்த்தேன். என்ன செய்தேன் என்பதை நான் விளக்கத் தேவையில்லை. உங்கள் நிபுணர் அந்த வால்வில் பார்த்து, துருப்பிடித்து இறுகியது என்று சொன்னது என் கைவேலை. அவரைக் குறை சொல்ல மாட்டேன், நான் எதையும் அரைகுறையாகச் செய்வதில்லை.

"இனிமே விசிலடிக்காது மாப்பிள்ளை" என்றேன். அதில் பொய் இல்லை. அவர் எனக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்தார்.

வேலை நடக்கிற நேரத்தில் இயந்திரங்கள் ஆவியைக் குடித்துக்கொண்டே இருக்கும். மதியம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போகும்போதுதான் அழுத்தம் ஏறும். ஆகவே அது மதியம்தான் வெடிக்கும், அப்போது ஆட்கள் எல்லோரும் வெளி முற்றத்தில் இருப்பார்கள். தொழிலாளர்களின் பாதுகாப்பை நான் நினைத்துப் பார்த்தேன் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

மடிப்பக்கா முற்றத்துக்குப் போவதில்லை. அவளுக்கு முழங்கால் வலி. பாய்லர் அறைச் சுவரில் சாய்ந்து, அந்தச் சூட்டில் காலை நீட்டிக்கொண்டுதான் சாப்பிடுவாள். என் கூடத்திலும் அப்படித்தான். எத்தனையோ வருடம் பார்த்திருக்கிறேன். அந்தச் சூட்டுக்காக நான் அவள் கூலியில் பிடித்தம் செய்ததே இல்லை.

அன்று அவள் அங்கே உட்காருவாள் என்று எனக்குத் தெரியுமா என்பதுதானே உங்கள் கேள்வி. நான் கை கழுவிக்கொண்டு கிளம்பும்போது, அவள் அந்தச் சுவரில் இருந்த ஆணியில் சாப்பாட்டுப் பையை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன முதலாளி, இங்கயும் ஆள் குறைக்க வந்தீங்களா?" என்றாள்.

நான் பதில் சொல்லவில்லை. எனக்குப் பொய் சொல்லும் பழக்கம் கிடையாது.

மதியம் சத்தம் கேட்டபோது நான் என் அறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. எதிர்ச்சாரிக்கு முதலில் ஓடியவர்களில் நானும் ஒருவன். செங்கல்லை அள்ளிப் போட்டவர்களில் நானும் ஒருவன். அவளுடைய மகள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கம்மா உங்களப் பத்தி ஒரு நாளும் தப்பாப் பேசினதில்ல" என்றாள். பேசியிருக்க மாட்டாள்தான். நல்ல பெண்.

இரங்கல் கூட்டத்தில் எல்லாம் சரியாகவே சொன்னேன். பழைய கூலி இருந்திருந்தால் அவள் என் கூடத்திலேயே இருந்திருப்பாள், இன்று உயிரோடு இருந்திருப்பாள் என்றேன். என் மாப்பிள்ளையின் கூடம் மூடியது. அத்தனை பேருக்கும் வேலை போனது. நான் முன்பே சொன்னது எழுத்துப் பிசகாமல் நடந்தது. ஆனால் பத்திரிகைகள் என்ன எழுதின? பராமரிப்புக் குறைவால் விபத்து. உங்கள் ஆட்களும் அதையே சொல்கிறார்கள். கூலியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சங்கத்தில் அதே பின்வரிசைக்காரர், "பாவம், பாய்லர் மட்டும் வெடிக்கலைன்னா அவர் கொடிகட்டிப் பறந்திருப்பார்" என்கிறார். என்னால் எப்படிப் பேசாமல் இருக்க முடியும்?

வெளியே பெஞ்சில் என் தங்கை உட்கார்ந்திருக்கிறாள். "நீ பேசினா அவர விட்டுருவாங்கல்ல அண்ணே?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாள். விட்டுவிடுங்கள். அவர்மேல் தப்பில்லை. அவருக்குப் பொருளாதாரம் தெரியாது, அது குற்றமாகாது. என் பெயரை எந்த இடத்தில் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் காரணம் என்ற இடத்தில் மட்டும் கவனக்குறைவு என்பதை அடித்துவிட்டுக் கூலி உயர்வு என்று எழுதுங்கள். நான் அடைத்தது ஒரு வால்வை மட்டும்தான், ஐயா. அவளைக் கொன்றது அந்தச் சட்டம்.