ஆறு மாசத்துக் காலி அட்டை

— மாத்திரை எப்படி கேக்காம போவும் மாலதி மேடம்? ஆறு மாசத்துக் காலி அட்டையும் இந்தப் பையில இருக்கு. கொட்டிக் காட்டவா?

— கொட்டாதீங்க கொளஞ்சிண்ணே, வெளிய பேஷண்டுங்க உக்காந்திருக்காங்க. சளி ரிசல்ட்டுதான் சொல்லுது. உங்களுக்கு இப்ப இருக்கறது இந்த மாத்திரைக்கு அடங்காத டிபி. கடலூர் பெரியாஸ்பத்திரிக்கு எழுதிக் குடுக்கறேன், வேற மருந்து ஆரம்பிக்கணும்.

— மாத்திரைய விட்டவனுக்குத்தான அப்படி வரும்? நான் விட்டேனா? தீவாளிக்கு விட்டேனா? ஆருத்ரா தரிசனத்தப்ப பஸ் ஸ்டாண்டுல நிக்க எடமில்ல, சவாரி மேல சவாரி, அன்னிக்கு விட்டேனா? எழுதிக்கோங்க, ஒரு நாள் விடல.

— அதனாலதாண்ணே எனக்கு மண்டை காயுது. இந்த கிளினிக்லயே உங்க கார்டுதான் சுத்தம். மாத்திரைய ஒழுங்கா போடாதவங்ககிட்ட அதத்தான் எடுத்துக் காட்டுவேன்.

— காட்டுங்க, நல்லா காட்டுங்க.

— தெனம் நீங்க முழுங்கறதப் பாத்து அதுல கையெழுத்து போட்டது யாரு?

— எந் தங்கச்சி தமிழ்ச்செல்வி. அப்பன் ஆத்தா இல்லாத புள்ள, ஆட்டோ ஓட்டித்தான் படிக்க வெச்சேன். போன வருசம் வேலை வாங்கிட்டா. கீரப்பாளையத்துல எங்க தெருவுக்கே மொத கவர்மென்ட் சம்பளம், எழுதிக்கோங்க.

— சந்தோசம்ண்ணே. மாத்திரை எப்ப போடுவீங்க?

— காலைல வெறும் வயித்துல, வண்டி எடுக்கறதுக்கு முன்ன. ரெண்டு.

— ரெண்டா? நாலு போடச் சொல்லித்தான குடுத்தேன்?

— நாலும் தீந்துடும் மேடம்.

— எப்படித் தீரும்? மீதி ரெண்டு எங்க போவுது?

— அவளுக்கு. எனக்கு முன்னயே அவதான் இருமுனா. இங்க கூட்டியாந்தா நோட்டுல பேரு ஏறிடும். வேலையில சேந்த புதுசு, ஊரு என்னா பேசும்? ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து ஆளுக்கு ரெண்டா முழுங்குவோம். அதுலயும் ஒரு நாள் விடல.

— அய்யோ அண்ணே! அரை மருந்துல கிருமி சாவாது, பழகிக்கும். உங்களுக்கு ஆனது அதான். அவங்களுக்கு இருமல் நின்னுச்சா?

— நிக்கல. அதுக்காவ ஒரு நாள் லீவு போட்டவ இல்ல எந் தங்கச்சி.

— என்னா வேலை பாக்கறாங்க?

— பால்வாடி டீச்சரு. முப்பது புள்ளைங்க, அவ மடியில ஏறி உக்காந்தாத்தான் சோறே எறங்குது. வந்து பாருங்க மேடம்!