விளக்கை அணைக்கச் சொன்னவர் அத்தான்

வாடிக்கையாளர் சொன்னதை மட்டும் செய்து கொடுப்பவன் நான். கேட்காத புத்திமதி சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்ட மெக்கானிக்குகளை நிறையப் பார்த்திருக்கிறேன், ஐயா.

கார் என் அக்கா கணவருடையது. அத்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் பந்தயத் தடத்துக்குப் போய்ச் சுற்றிவிட்டு வருவார். ஜெயித்ததாகத் தகவல் இல்லை. ஹெல்மெட்டோடு எடுத்துக்கொண்ட படங்கள் மட்டும் ஏராளம். ஒருநாள், பந்தயத்துக்கான பிரேக் பேடுகள் வாங்கிவந்தார்; சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கைக் கவ்வி வண்டியை நிறுத்தும் கட்டைகள். சாதாரண பேடில் ஒரு சென்சார் வயர் செருகியிருக்கும். பேட் தேய்ந்தால் வயர் அறுந்து, டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரியும். பந்தய பேடில் அதற்கு இடமே கிடையாது. கழற்றும்போது பழைய வயர் முறிந்தது. விளக்கு எரிந்தது.

"அந்த லைட்டப் பாத்தாலே மூடு போயிடுது மச்சான். அணைச்சு விட்டுடு."

"வயர ஒட்டிட்டா, அப்புறம் பேட் தேஞ்சாலும் எரியாது அத்தான்."

"தேஞ்சா எனக்குத் தெரியாதா? நீ நட்டு முடுக்குற வேலைய மட்டும் பாரு."

பக்கத்தில் நின்ற அக்காவும் சிரித்தாள். நான் இரண்டு முனைகளையும் சேர்த்துப் பற்றவைத்து, டேப் சுற்றினேன். சுத்தமான வேலை.

பந்தயங்கள் முடிந்ததும், பாதி தேய்ந்த பழைய பேடுகளையே மாட்டச் சொன்னார். மாட்டினேன். புது சென்சார் போடச் சொல்லவில்லை. போடவில்லை.

அதன்பிறகு மாதாமாதம் காற்றடிக்க வருவார். குனிந்தால் சக்கரக் கம்பிகளின் இடுக்கில் பேட் தெரியும். நான்கு மில்லிமீட்டர். மூன்று. ஒன்றரை. "பிரேக் எப்படி மச்சான்?" என்பார். "லைட்டு எரியுதா அத்தான்?" என்பேன். "இல்லையே." "அப்புறம் என்ன?" இருவரும் சிரிப்போம். அதற்குமுன் நாங்கள் அவ்வளவு ஒற்றுமையாக இருந்ததில்லை.

போன வாரம் பந்தய வீரர் குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். எனவே அக்கா வண்டியை எடுத்தாள். செவ்வாய்க்கிழமை காலை பட்டறை வாசலில் நிறுத்தினாள்.

"ஏன்டா, பிரேக்க மிதிச்சா கரகரங்குது. மலைப்பாதைல இறங்கணும். இப்படியே போலாமா?"

குனிந்து பார்த்தேன். பேட் இருந்த இடத்தில் வெறும் தகடு, டிஸ்க்கை உழுதுகொண்டிருந்தது.

"நான் நட்டு முடுக்குறவன்க்கா. எல்லாம் தெரிஞ்சவர் வீட்லயே இருக்காரே, அவரக் கேளு."

"இன்னுமாடா அதையே நெனச்சிட்டிருக்க?" என்று என் தலையில் ஒரு தட்டு தட்டிவிட்டுக் கிளம்பினாள். மூன்றாவது வளைவில் வண்டி நிற்கவில்லை என்று ஸ்டேஷனிலிருந்து நீங்கள்தான் சொன்னீர்கள். அடக்கத்துக்கு நானும் தோள் கொடுத்தேன்.

நேற்று அத்தான் என் சட்டையைப் பிடித்துக் கதறினார். ஏன் சொல்லவில்லையாம். அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்: அந்த வீட்டில் யாராவது ஒருவர் என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தால், சொல்லியிருப்பேன்.