பக்கத்தில் கிடந்த கேபிள்

பர் துபாயிலிருந்து தேராவுக்குப் போகும் படகில் எனக்கு எதிரே இரண்டு பேர். ஒருவர் கழுத்தில் அடையாள அட்டையோடு ஆபீஸ்காரர். இன்னொருவர் நகக்கண்ணெல்லாம் கிரீஸ் ஏறிய மெக்கானிக்.

“அண்ணே, ஆல்ப்ஸ் மலை மேல நின்னுக்கிட்டு உங்க பேரச் சொல்லிக் கத்தினேன்,” என்றார் ஆபீஸ்காரர்.

நான் செல்போனைச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டேன்.

“எதுக்கு?” என்றார் மெக்கானிக்.

“ஒரு மாசம் யூரோப்பத் தனியா பைக்ல சுத்தினதுல அன்னிக்குத்தான் பயந்துட்டேன். நல்ல மழை. ஏத்தத்துல கிளட்ச் கேபிள் அறுந்துபோச்சு. சுத்தி ஒரு மாடுகூட இல்ல. டேங்க்கத் தூக்கிப் பாத்தா, கெளம்பறதுக்கு முன்னாடி சர்வீஸ் பண்ணப்பவே பழைய கேபிளோட சேர்த்துப் புதுசு ஒண்ணு கட்டி வச்சிருக்கீங்க! புதுசோட ரெண்டு முனையையும் மாட்டி, கால் மணி நேரத்துல கெளம்பிட்டேன். ஏண்ணே ஒரு வார்த்த சொல்லல?”

“சொன்னா வேணாம்னிருப்பீங்க. வண்டி அவ்ளோ தூரம் போகுது, எனக்கு மனசு கேக்கல.”

ஆபீஸ்காரர் பையைத் திறந்து, சுருட்டி வைத்திருந்த அறுந்த கேபிளை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார்.

“உங்ககிட்ட காட்டணும்னே அங்கேருந்து சுமந்துட்டு வந்தேன்.”

மெக்கானிக் அறுந்த முனையை விரலால் நெருடிக்கொண்டே இருந்தார். படகு கரையைத் தொட்டது.

“ஞாயித்துக்கெழம வண்டியக் கொண்டாங்க,” என்றார், எழுந்துகொண்டே. “இப்பப் பக்கத்துல ஸ்பேர் இல்லாமல்ல ஓட்டிக்கிட்டிருக்கீங்க.”