முதலில் படும் கால்

கதவைச் சாத்துங்கப்பா. அடுப்புப் பக்கம் நகருங்க... சொல்றேன்.

நம்ம மிகாஸ் இருக்கானே, அவன் மச்சான் யூர்கா. குதிரைக்காரன். அவன் கண்ணால பாத்தது இது.

பனிக்காலம். சாயங்காலம் நாலு மணி, அதுக்குள்ள இருட்டு கட்டுது. ஸ்மோலென்ஸ்க் போற காட்டுப் பாதை, எல்லையில ஒரு மரப்பாலம். நம்ம ராஜாவோட தூதர் ஒபுகோவ்ஸ்கி ஐயாவை மாஸ்கோக்காரங்க அங்கதான் எதிர்கொண்டு அழைக்கணும். வண்டிங்க பனியில சிக்கிப் பின்னால கிடக்கு. ஐயாவும் யூர்காவும் மட்டும் முன்னால வந்துட்டாங்க.

தினம் ஐயாவோட பூட்ஸை இழுத்துக் கழட்டி, பாதத்துல வாத்துக் கொழுப்பு தடவுறது யூர்கா வேலை. ஐயாவுக்கு இடது கால்ல சுண்டுவிரல் கிடையாது. என்னைக்கோ பனி தின்னுட்டுது.

முறை தெரியுமில்ல? ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல குதிரையை விட்டு இறங்கணும். எவன் கால் முதல்ல தரையில படுதோ, அவனோட ராஜா தாழ்ந்தவன்னு ஆயிடும். அப்புறம் கால் வச்சவன் கதி... கேக்கவே வேண்டாம்.

மூணு வருஷம் முன்னால, இதே பாலத்துல, ஐயா ஒரு வேலை பண்ணாரு. இறங்குற மாதிரி சரிஞ்சு, காலை ஒரு விரற்கடை மேலயே நிறுத்திட்டாரு. எதிர்ல வந்த மாஸ்கோ அதிகாரி சவேலி, பாவம், தொப்புன்னு குதிச்சுட்டான். ஊருக்குப் போனதும் அவன் ரெண்டு காலையும் கணுக்காலோட கோடாலியால வெட்டிட்டாங்க. ரத்தம் நிக்காமயே செத்தான்.

இந்தத் தடவை ஐயா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சுக்கிட்டே வந்தாராம் வழியெல்லாம். கேக்குற எனக்கே வயிறு எரியுது.

பாலம் வந்துச்சு. எதிர்ல ஒருத்தன்... தனியா. அந்தக் குளிர்லயும் அவன் குதிரை மூக்குல ஆவி வரல. கசாப்புக் கடை வாடை.

"இறங்கலாமா, தூதரே?"

குரல் யாருதுன்னு ஐயாவுக்குத் தெரிஞ்சுபோச்சு. முகம் வெளுத்துடுச்சு. அப்பவும் வீம்பு போகல.

"யூர்கா, நீதான்டா சாட்சி. நான் முதல்ல கால் வைக்கமாட்டேன்."

ரெண்டு பேரும் சரிஞ்சாங்க. ஐயா பழையபடி பூட்ஸை அந்தரத்துல நிறுத்தினாரு. அவனும் தொங்கினான்... கணுக்காலுக்குக் கீழ ஒண்ணுமில்ல. எப்படிப் படும் தரையில? பனியில சொட்டு... சொட்டு...

"எனக்கு அவசரமில்ல"ன்னான்.

யூர்கா கண்ணை மூடிட்டான். சதக். எலும்புல கோடாலி இறங்குற சத்தம். இன்னொரு சதக்.

திறந்து பாத்தா எதிர்ல யாருமில்ல. ஐயா பழையபடி சேணத்து மேல உக்காந்திருக்காரு. பூட்ஸ் ரெண்டும் கால் வைக்கிற அங்கவடியில, விளிம்பு வரைக்கும் ரத்தம்.

"பாத்தியாடா... நான் இறங்கல... நான் இறங்கவே இல்ல..."

சிரிச்சுக்கிட்டே சாஞ்சாரு. உயிர் போயிடுச்சு.

யூர்கா பழக்கதோஷத்துல பூட்ஸைப் பிடிச்சு இழுத்தான். ரத்தம் கொட்டுச்சு. உள்ள கால் இல்ல.

அப்பதான் பாலத்தைப் பாத்தான். பனியில வெறுங்கால் தடம்... மாஸ்கோ பக்கமா, நிதானமா நடந்து போயிருக்கு.

இடது தடத்துல சுண்டுவிரல் இல்ல.